மணி ரொட்டியில் ஓர் ஐந்து

பிறந்தநாள் வந்து போய்ப் பதினோரு நாள் ஆகியும் அவளுக்கு நாலு வயதுதான். பள்ளியில் ஒரு தாளைக் கொடுத்து வயதை நிரப்பச் சொன்னார்கள். நாலு என்று எழுதினாள். டீச்சர் அதை அடித்து ஐந்து போட்டுக் கொடுத்தார். அவள் ரப்பரை எடுத்துத் தாளில் ஓட்டை விழும்வரை தேய்த்து, ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நாலு எழுதிவைத்தாள்.

டீச்சர் எதிர்வீட்டில்தான் குடியிருந்தார். அதனால் விஷயம் அன்று மாலையே மாடிப்படியில் அவள் மாமாவிடம் வந்து சேர்ந்தது.

"உங்க அக்கா பொண்ணுகிட்ட என்னால கணக்குல சண்டை போட முடியல தம்பி. வயசு குறைச்சுச் சொல்றதுக்கு இன்னும் முப்பது வருஷம் இருக்குன்னு சொல்லிப் பாத்தேன். சிரிக்கவே இல்ல."

"நான் கேக்குறேன் டீச்சர்."

"கேளுங்க. திட்டாதீங்க."

அவன் சாலையில் கோடு போடுகிறவன். வண்டிகள் அடங்கிய பிறகுதான் அந்த வேலை நடக்கும் என்பதால் ஆறு வருடமாக இரவில் விழித்துப் பகலில் தூங்கிப் பழகியவன். அக்காவை மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்து, அவள் பெண்ணைப் பார்த்துக்கொள்வதற்காக, கிடங்கில் பெயின்ட் பொடி மூட்டை எண்ணும் பகல் வேலைக்கு மாற்றல் வாங்கியிருந்தான். அத்தான் கப்பலில் இஞ்சின் அறையில் இருந்தார்; கரைக்கு வர இரண்டு மாதம் ஆகும். மூன்று வாரமாகியும் உடம்பு பகலுக்குப் பழகவில்லை. வெயிலில் நடக்கும் மனிதர்கள் அவன் கண்ணுக்குத் தண்ணீருக்கு அடியில் நடப்பவர்களைப் போல மெதுவாகத் தெரிந்தார்கள். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்த பிறகும் அவன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான். பிறகுதான், இது நிஜம், போகலாம் என்று தோன்றும்.

அக்காவுக்கு ஆறாவது மாதம். இரண்டாவது குழந்தை அவசரப்படுகிறது என்றார் மருத்துவர். அதனால் படுக்கையைவிட்டு இறங்கக்கூடாது. எட்டு வாரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வார்டுக்குள் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள்.

வீட்டில் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"பொடிசு, உனக்கு என்ன வயசு?"

"நாலு."

"போன பத்தாம் தேதி வரைக்கும் நாலு. சரி. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் நாலு." தட்டில் இருந்த பட்டாணிகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளினாள். "அம்மா சொல்லலையே."

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் பிறந்தநாள் காலையில் ஒரு வழக்கம் உண்டு. பொடிசு படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள். ஏதோ பரிசோதிக்கிற மாதிரி இருக்கும். பிறகு, "ஆச்சு. இனிமே உனக்கு நாலு," என்பாள். அதற்கப்புறம்தான் கால் தரையில் படலாம். அவன் அதை ஒருமுறை கதவோரம் நின்று பார்த்திருக்கிறான்; தாயும் மகளும் செய்யும் ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தான்.

"அம்மாதான் போன்ல சொன்னாளே."

"போன்ல சொன்னா செல்லாது. பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"வீடியோல பாத்தாளே."

"அது போன் பாத்துச்சு."

அவன் தோற்றுப்போய்த் தண்ணீர் குடித்தான். பொடிசு பட்டாணிகளை எண்ணி முடித்துவிட்டு, அவனைப் பார்க்காமல் சொன்னாள்:

"அம்மா இல்லாம அஞ்சு ஆயிடுச்சுன்னா, ஆறும் அதே மாதிரி ஆயிடும் மாமா. அப்புறம் ஏழும் ஆயிடும்."

எட்டு வாரம் என்பதை ஒரு குழந்தை எப்படி நீட்டி நீட்டிப் பார்த்திருக்கிறது என்று யோசித்தபடி கையைக் கழுவினான்.

வெள்ளிக்கிழமை மாலை பார்வை நேரத்துக்குப் போனான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. நாலாவது மாடி, ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டில். அக்கா இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தாள். வயிறு குலுங்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், சிரிப்பை மூக்கோடு நிறுத்தினாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"ஏழு வரைக்கும் போயிட்டாளா?"

"ம்."

"அவ சொல்றதுல என்னடா தப்பு? நானும்தான் இங்க படுத்துக்கிட்டு எண்ணுறேன்." தலையணைக்கு அடியிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள், உபயோகிக்காமல் திரும்ப வைத்தாள். "பார்ட்டி வைக்கலையே அவளுக்கு. மணி ரொட்டியாவது செஞ்சு குடுத்தியா?"

"அதெல்லாம் எனக்கு என்னக்கா தெரியும்."

"பிரெட்ல வெண்ணெய் தடவி, மேல கலர் சர்க்கரை மணி. இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு. ரோட்டுக்கே பூசுற ஆளு நீ."

அவன் ஜன்னலுக்குப் போனான். கீழே மருத்துவமனையின் பின்பக்க வாகன நிறுத்தம், பெரிய முற்றம் மாதிரி. வெளிநோயாளிப் பிரிவு மூடும் நேரம் என்பதால் காலியாகிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்து தரை கறுத்துப்போயிருந்தது. அதன்மேல் யாரோ போட்ட வெள்ளைக்கோடுகள். மூன்றாவது கோடு வளைந்திருந்தது. ஓரத்து டேப்பைச் சரியாக ஒட்டாமல் போட்டிருக்கிறான் என்று மனதுக்குள் திட்டினான். திட்டி முடிப்பதற்குள் அந்த எண்ணம் வந்துவிட்டது.

சாலையில் எழுதும் எண் நீளமாக இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் யாரோ காலைப் பிடித்து இழுத்தது போலத் தெரியும். தூரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிறவனுக்கு மட்டும் அது சரியான உயரத்தில் எழுந்து நிற்கும். நாலாவது மாடியும் சாய்வுதான்.

"அக்கா, இந்தக் கட்டில ஜன்னல்கிட்ட தள்ள முடியுமா?"

தலைமை நர்ஸ் ஒரு பெரிய உருவம், மெதுவாகப் பேசுகிறவர். கட்டிலைத் தள்ளும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நிபந்தனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி, கட்டிலைத் தள்ளி, தலைப்பக்கத்தை முப்பது டிகிரி உயர்த்தி, பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் கேட்கக்கூடாது.

"கீழ என்ன வேணா செய்ங்க. பட்டாசு கிட்டாசு கூடாது."

"பிரெட்தான் சிஸ்டர்."

"பிரெட்டா?" என்றார் அவர், முதல்முறையாக ஆர்வத்துடன்.

ஞாயிறு விடியலில் சமையலறை முழுக்க வெண்ணெய் மணத்தது. மூன்று பெரிய ரொட்டி, ஒவ்வொன்றிலும் இருபது துண்டு. பேக்கரிக்காரர் கேக் வைக்கும் வெள்ளை அட்டைகள் முப்பது கொடுத்திருந்தார். அக்கா சொல்லி அனுப்பியிருந்தது மூன்று விஷயம். வெண்ணெயை முந்தின நாளே வெளியில் எடுத்துவைக்க வேண்டும். ஓரம்வரைக்கும் தடவ வேண்டும். மூலையில் தடவாமல் விட்டால் அந்த மூலையை யாரும் தின்னமாட்டார்கள். ரொட்டியின் தோலை வெட்டக்கூடாது, குழந்தைகளுக்கு அதுதான் கைப்பிடி.

பொடிசு ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டாள். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்துக்கு இன்னும் நிறம் வரவில்லை. தூக்கம் கலையாத அவள் முகமும், பாத்திரங்களும், வெண்ணெய்க் கட்டியும் ஒரே வெளிர் மஞ்சளில் மிதந்தன. அதன் நடுவே கிண்ணத்தில் இருந்த சர்க்கரை மணிகள் மட்டும் முன்னாடியே விழித்துக்கொண்டவை மாதிரி சிவப்பும் நீலமும் பச்சையுமாக இருந்தன.

அவன் முதல் துண்டில் வெண்ணெயைத் தடவி, மணிகளைச் சல்லடையில் போட்டு, ஒரு முழ உயரத்திலிருந்து தட்டினான்.

"அம்மா அப்படிப் பண்ணமாட்டா," என்றாள் பொடிசு. "தட்டுல மணிய கொட்டிட்டு, பிரெட்ட கவுத்து அமுக்குவா."

"அமுக்கினா மணி முழுசா உள்ள போயிடும். பாதி உள்ள, பாதி வெளிய இருக்கணும். அப்பத்தான் மின்னும்."

"யார் சொன்னா?"

"ரோடு சொல்லுச்சு."

அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். அவன் விளக்கினான். சாலைக்கோட்டில் பெயின்ட் சூடாக இருக்கும்போதே கண்ணாடி மணி தூவுவார்கள். கடுகைவிடச் சின்னது. சீக்கிரம் தூவினால் மூழ்கிவிடும். தாமதமாகத் தூவினால் ஒட்டாது, முதல் வண்டியிலேயே உதிர்ந்துவிடும். நடுவில் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் தூவினால் பாதி பதிந்து பாதி வெளியே நிற்கும். இருட்டில் வண்டி விளக்கு பட்டால் கோடு முழுக்கக் கண் திறக்கும்.

"இதுல வண்டி போகாதே."

"நாக்கு போகும்ல."

பொடிசு யோசித்தாள். துண்டைக் கையில் வாங்கி, சாய்த்துப் பார்த்தாள். ஒரு மணிகூட விழவில்லை. "பரவால்ல," என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ். பிறகு சல்லடையை அவள் பிடுங்கிக்கொண்டாள். அவன் தடவ, அவள் தட்ட, அவன் ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணமாக்கி அட்டையில் அடுக்கினான். ஒரு அட்டைக்கு நாலு முக்கோணம். மணிகள் விழும் ஓசை, எங்கோ ரொம்ப தூரத்தில் பெய்யும் மழை போல இருந்தது. அவனுக்கு நின்றபடியே கண் சொக்கியது.

"மாமா, தூங்கிட்டே தடவுற."

"கைக்குத் தெரியும். நீ தட்டு."

கடைசி அட்டையை அடுக்கும்போது அவள் கேட்டாள்: "இத்தனையும் வச்சு அஞ்சு போட்டா அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்னையும் தெரியுமா?"

"உனக்காகத்தான அஞ்சு."

"அப்ப பாத்துட்டுச் சொன்ன மாதிரிதான்," என்று தனக்குள் ஒரு முடிவுக்கு வந்தாள். சல்லடையைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். "தெரியலன்னா நாலுதான். சும்மா சொல்லக்கூடாது, நீயும் அம்மாவும் பேசி வச்சுக்கிட்டு."

"சே, நாங்க அப்படிப்பட்ட ஆளுங்களா?"

"ஆமா," என்றாள்.

பத்து மணிக்கு அவர்கள் மருத்துவமனைப் பின்வாசலில் இருந்தார்கள். ரொட்டி அவனுடைய வேனில் வந்தது. பொடிசின் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை டீச்சர் தன் காரில் அடைத்துக்கொண்டு வந்தார். காவலாளி ஒரு நீளக் குழாயைச் சுருள் சுருளாகத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, தலைமை நர்ஸ் கொடுத்த அனுமதிச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"பிரெட்ட தரையில வைக்கப் போறீங்க."

"அட்டை மேல அண்ணே."

"இது வண்டி நிறுத்துற இடம்."

"ஞாயித்துக்கிழமை வண்டியே இல்லையே."

"வண்டி இல்லன்னா முற்றத்தைக் கழுவணும். எனக்கு அதான் வேலை." சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நாலாம் மாடிக்குத் தெரியணும்னா நாலு பலூன் கட்டுங்க. பிரெட்ட எவனாவது..." என்று இழுத்துவிட்டு, அட்டைகளை எட்டிப் பார்த்தார்.

அவன் சுண்ணக்கட்டியால் தரையில் மெல்லிய கோடு இழுத்தான். எண்ணின் தலை கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம், கால் கட்டடத்துப் பக்கம். மேல் பட்டைக்கு ஆறு அட்டை. இடதுபக்கம் இறங்குவதற்கு ஐந்து. நடுவில், வலதில், அடியில். பிள்ளைகள் ஆளுக்கு ஓர் அட்டையைத் தலைக்குமேல் ஏந்தி வந்தார்கள். டீச்சர் குடையை விரித்துப் புறாக்களை விரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த ஐந்து, ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியாக நீண்டு கிடந்தது.

"இது அஞ்சே இல்ல," என்றான் பிள்ளைகளில் ஒருவன்.

"மேலருந்து பாத்தா அஞ்சு," என்றாள் பொடிசு. "உனக்கு ரோட்டப் பத்தித் தெரியாது."

பத்தரைக்கு நாலாவது மாடி ஜன்னலில் திரை விலகியது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. கட்டிலாக இருக்க வேண்டும். அவன் போன் அடித்தது.

"வந்துட்டேன்டா. தலையத் தூக்கி வச்சிருக்காங்க. எங்க இருக்கீங்க?"

"நேரா கீழ பாருக்கா. முற்றத்து நடுவுல."

"ஆளுங்க தெரியுது. சின்னச் சின்னதா. மஞ்சள் சட்டை யாரு?"

"டீச்சர். அவங்க பக்கத்துல பாரு. அஞ்சு."

மறுமுனையில் நர்ஸ் ஏதோ கேட்பதும் அக்கா பதில் சொல்வதும் மங்கலாகக் கேட்டன.

"அஞ்சு தெரியலடா. மாவு கொட்டின மாதிரி ஏதோ இருக்கு."

அவன் போனைக் காதோடு அழுத்தி நாலடி தள்ளிப் போனான். முற்றத்தைத் திரும்பிப் பார்த்தான். காய்ந்த காங்கிரீட். வெயிலில் வெளுத்து, ரொட்டியின் நிறத்திலேயே கிடந்தது. வெள்ளை அட்டையும் வெளிர்த் தரையும் ஒன்று. அருகில் கண்ணைப் பறிக்கும் அத்தனை நிறமும் தூரத்தில் ஒன்றோடொன்று கலந்து சாம்பலாகியிருந்தது. ஆறு வருடமாக அவன் கோடு போட்டதெல்லாம் தார்மேல்தான். கறுப்பு எப்போதும் அங்கே தயாராக இருந்தது. தரையின் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலை அவனுக்கு வந்ததே இல்லை. வெள்ளிக்கிழமை ஜன்னலிலிருந்து பார்த்தபோதும் தரை கறுப்பாகத்தானே இருந்தது.

"டேய்," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "தெரியுதுன்னு சொல்லிடவா?"

அவன் பொடிசைப் பார்த்தான். அவள் ஐந்தின் கீழ்வளைவில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஜன்னலைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் இப்படி ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அவள் பயந்துகொண்டிருந்ததும் அதற்குத்தான்.

"வேணாம்க்கா."

"நாலு நிமிஷம் போயிடுச்சுன்னு சிஸ்டர் சொல்றாங்க."

"வச்சுடாத. அப்படியே இரு."

பொடிசு அருகில் வந்துவிட்டிருந்தாள். "தெரியலையா?"

"தெரியல," என்றான் அவன். "தரை வெள்ளையா இருக்கு. என் தப்பு. வெள்ளிக்கிழமை மழை பேஞ்சு நனைஞ்சு..."

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். குழாய்த் தலைப்பைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளியின் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, முற்றத்தைக் கழுவணும்னீங்களே."

"நீங்க போனதுக்கப்புறம்."

"இப்பவே கழுவுங்க. அட்டை மேல மட்டும் படாம. சுத்தி முழுக்க."

காவலாளி அவனையும் ரொட்டியையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்ததா, இல்லை எப்படியும் கழுவ வேண்டியதுதானே என்று தோன்றியதா, தெரியவில்லை. குழாயைத் திறந்தார். விரலால் வாயை அடைத்து, தண்ணீரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி விட்டார். முப்பது வருடமாக முற்றம் கழுவுகிறவரின் கை. ஒரு துளி மேலே தெறிக்கவில்லை. வேனில் இருந்த பூவாளியில் தண்ணீர் பிடித்து, அவன் அட்டைகளின் ஓரத்தை நனைத்தான். விளிம்பு கறாராக இருக்க வேண்டும். முட்டி போட்டுப் பின்னாலேயே நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேலையில் இருப்பது போலவே போனான். பிள்ளைகளை டீச்சர் ஓரமாக இழுத்து வரிசையில் நிறுத்தினார்.

தரை கறுத்துக்கொண்டே வந்தது. பட்டப்பகலில் அந்த ஒரு முற்றத்துக்கு மட்டும் பொழுது சாய்வதுபோல இருந்தது. ஈரத்தில் வானம் இறங்கிப் படுத்துக்கொண்டது. மேகம் ஒன்று காவலாளியின் காலடியில் ஊர்ந்து போயிற்று. நடுவே ரொட்டித் துண்டுகள் மட்டும் காய்ந்து, வெளிறி, ஒவ்வொன்றும் தன் புள்ளிகளோடு மிதந்தன. எண் அவனுக்குத் தெரியவில்லை. கீழே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

சட்டைப்பையிலிருந்த போனில் ஒரு குரல். அவன் ஈரக்கையால் எடுத்தான்.

"டேய்..." அக்காவுக்கு அதற்குமேல் வரவில்லை. நர்ஸின் குரல்தான் வந்தது: "எழுந்து நிக்குதுங்க. அப்படியே எழுந்து நிக்குது. அஞ்சு."

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பொடிசிடம் நீட்டினான். அவள் அதைக் காதில் வைக்காமல், இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு, கீழ்வளைவுக்குள் போய் நின்றாள்.

"அம்மா, தெரியுதா?"

"தெரியுது கண்ணு."

"மாமா சொல்லிக்குடுத்தானா?"

"இல்லடி. நிஜமா தெரியுது."

"அப்ப நான் எங்க நிக்கிறேன் சொல்லு."

"அஞ்சோட வயித்துல."

பொடிசு செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் ஓடினாள். "இப்போ?"

"மேல. தொப்பி மாதிரி இருக்குல்ல, அதோட நுனியில."

மறுபடி ஓடினாள். "இப்போ?"

"வெளிய போயிட்ட. குடைக்குப் பக்கத்துல." அக்காவின் குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்தது. "ஒத்தக்கால்ல நிக்கிற. ஏண்டி ஒத்தக்கால்ல நிக்கிற?"

பொடிசு மெதுவாக மற்றக் காலைக் கீழே வைத்தாள். நாலாவது மாடியை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள். அங்கே கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று, கையாக இருக்கலாம், மேலும் கீழும் அசைந்தது. அவள் முகத்தை அண்ணாந்து, கண்ணை மூடாமல், படுக்கையில் காட்டுவது போலவே காட்டிக்கொண்டு நின்றாள். அக்கா உடனே சொல்லவில்லை. எப்போதும் உடனே சொல்லமாட்டாள். முற்றத்தில் இருந்த எல்லோரும் அந்த இடைவெளியில் நின்றார்கள். காவலாளி குழாயை மூடியிருந்தார்.

"ஆச்சு," என்றது போன். "இனிமே உனக்கு அஞ்சு."

பொடிசு மூச்சை விட்டாள். போனை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள், எதையோ கையெழுத்து வாங்கி முடித்தவள் மாதிரி. நர்ஸ் பின்னால், "நேரமாச்சும்மா, கட்டில இறக்குறேன்," என்றார். திரை மூடுவதற்கு முன் பொடிசு சத்தமாகக் கேட்டாள்:

"ஆறுக்கு நீ வீட்டுக்கு வந்து சொல்லுவியா?"

"வருவேன். அதுக்குள்ள பாப்பா பிறந்துடும்ல. அதுக்கும் சேத்துச் சொல்லணும்."

"அதுக்கு வயசே இருக்காதே."

"ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன்."

பிள்ளைகளுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. கீழ்வளைவிலிருந்து தின்னத் தொடங்கினார்கள். உதடும் கன்னமும் சிவப்பும் நீலமுமாக, விரலை நக்கியபடி, நடுப்பட்டைக்கு ஏறினார்கள். டீச்சர் இரண்டு சாப்பிட்டார். கணக்கில் ஒன்றுதான் என்றார். காலியான அட்டைகளை அவன் எடுத்துக்கொண்டே போனான். அட்டை இருந்த இடம் உலர்ந்து வெளுப்பாக இருந்தது. ரொட்டி எல்லாம் போன பிறகும் ஐந்து தரையிலேயே கிடந்தது, நீளமாக, ஓரம் கலையாமல். அதன்மேல் ஈரக்கால்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. வெயில் ஏற ஏற, சுற்றியிருந்த கறுப்பு ஆவியாகிக் கரைந்தது. எந்த நிமிடத்தில் முற்றம் முழுக்க ஒரே நிறமானது என்று அவன் கவனிக்கவில்லை. வேன் படியில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது காவலாளி வாசலில் வேனை நிறுத்தினார். கையில் அவருக்கென்று எடுத்துவைத்த அட்டை, பாதி காலி. மீசையில் ஒரு பச்சை மணி ஒட்டியிருந்தது. முன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பொடிசை ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"நாலு வயசுப் புள்ள மாதிரிதான் இருக்க."

"காலையில நாலுதான்," என்றாள் பொடிசு. "நீங்க தண்ணி அடிச்சதுக்கப்புறம் அஞ்சு."

காவலாளி அதை யோசித்துப் பார்த்தார். பிறகு மரியாதையாக ஒதுங்கி நின்று, வாசல் கதவைத் திறந்துவிட்டார்.